எத்தனை பீடி, எத்தனை வருஷம்?

1948 ஏப்ரலில் லண்டன் மருத்துவமனைகளில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. குறிப்பிட்ட சில நோயாளிகளின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஒருவர் உட்காருவார். கையில் அச்சிட்ட படிவம். மருந்து மாத்திரை பற்றிப் பேச்சே இருக்காது. எங்கெங்கே குடியிருந்தீர்கள்? பக்கத்தில் எரிவாயு ஆலை உண்டா? குளிருக்கு வீட்டில் எதை எரிப்பீர்கள்? என்ன வேலை பார்த்தீர்கள்? புகைபிடிப்பதுண்டா? எந்த வயதில் தொடங்கினீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை? நடுவில் விட்டதுண்டா? சிகரெட்டா, பைப்பா?

முடிந்ததும் வேறு நோய்க்காகப் படுத்திருக்கும் இன்னொருவரிடம் போவார். வயதும் பாலினமும் முதல் நோயாளியோடு ஒத்திருக்கும். அதே படிவம், அதே கேள்விகள், அதே வரிசை.

20 மருத்துவமனைகளில் இப்படி அலைந்தவர்கள் நான்கே பணியாளர்கள். அனுப்பியவர்கள் இருவர். ஒருவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில், புள்ளியியல் பேராசிரியர். முதல் உலகப்போரில் காசநோய் தாக்கி, டாக்டருக்குப் படிக்கும் ஆசையைக் கைவிட்டவர். இன்னொருவர் ரிச்சர்ட் டால், 35 வயது டாக்டர். டாலுக்கு உண்மையில் கணக்குப் படிக்கத்தான் ஆசை. கேம்பிரிட்ஜ் உதவித்தொகைத் தேர்வுக்கு முந்தைய இரவு கல்லூரி பீரை அளவு மீறிக் குடித்துவிட்டு, மறுநாள் பரீட்சையில் சொதப்பினார். அதனால் மருத்துவத்துக்குப் போனார். கணக்கும் மருத்துவமும் ஒரே ஆளிடம் சேர்ந்தது இப்படித்தான்.

எல்லோரும் பிடித்தால் எதைச் சந்தேகிப்பது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நுரையீரல் புற்றுநோயால் 1922-ல் இறந்ததாகப் பதிவானவர்கள் 612 பேர். 1947-ல் 9,287 பேர். 25 ஆண்டுகளில் 15 மடங்கு. எக்ஸ்ரே வந்ததால் கண்டுபிடிப்பது கூடியிருக்கிறது, அவ்வளவுதான் என்று ஒரு சாரார் ஒதுக்கினார்கள். நோய்தான் கூடியிருக்கிறது என்றவர்களின் சந்தேகம் புதிதாக வந்தவற்றின் மேல் விழுந்தது: மோட்டார் வண்டிப் புகை, ரோட்டில் ஊற்றும் தார், தொழிற்சாலைக் கரி. டாலும் தாரைத்தான் சந்தேகித்தார்.

சிகரெட் கண்ணில் படாததற்குக் காரணம் எளிது. அன்றைய பிரிட்டனில் பத்து ஆண்களில் எட்டுப் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பிடித்தார்கள். டாக்டரும் பிடித்தார், நோயாளியும் பிடித்தார். சோறு சாப்பிடும் ஊரில் வயிற்றுவலிக்குச் சோற்றை யார் சந்தேகிப்பார்கள்? ஜெர்மனியில் 1939-லும் 1943-லும் இதே தொடர்பைக் காட்டிய ஆய்வுகள் வந்திருந்தன. போர்க்காலத்து ஜெர்மன் மொழிக் கட்டுரைகளை மற்ற நாடுகளில் படித்தவர்கள் சொற்பம்.

649-ல் இரண்டு

கேள்வித்தாளில் ஒரு வரையறை கறாராக இருந்தது. ஓராண்டுக்காவது நாளுக்கு ஒரு சிகரெட் பிடித்தவரே புகைபிடிப்பவர். கல்யாண வீட்டில் ஒன்று வாங்கி இழுத்தவர் கணக்கில் வரமாட்டார். சொன்னதை நம்பலாமா என்று பார்க்க, 50 பேரிடம் ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்டார்கள். விடைகள் பெரிதாக மாறவில்லை.

விடைகளை எண்ணியபோது, நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் 2 பேர். வேறு நோய்க்காக வந்திருந்த 649 ஆண்களில் 27 பேர். இரண்டும் சின்ன எண்கள்தான். ஆனால் விகிதத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 14 மடங்கு வித்தியாசம். அதிகமாகப் பிடித்தவர்களிடம் நோயும் அதிகம் என்ற படிக்கட்டும் தெரிந்தது.

ஒரு பலவீனம் மட்டும் உறுத்தியது. எதிரே இருப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று கேட்பவருக்குத் தெரியும். தெரிந்த பிறகு, ‘நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்’ என்று கொஞ்சம் துருவியிருக்க மாட்டாரா?

இதற்கு விடை யாரும் திட்டமிடாத இடத்திலிருந்து கிடைத்தது. பேட்டியின்போது நுரையீரல் புற்றுநோய் என்று எழுதப்பட்டிருந்த சிலருக்கு, பின்னால் அது வேறு நோய் என்று தெரிந்தது. கேட்டவர் துருவிக் கேட்டிருந்தால் இவர்களிடமும் அப்படித்தானே கேட்டிருப்பார்? இவர்களின் சிகரெட் கணக்கும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மற்ற நோயாளிகளின் கணக்கோடு ஒத்துப்போனது. ஆக, வித்தியாசத்தைக் கேட்டவர் உண்டாக்கவில்லை. கணக்குப் பிடிக்காத வாசகரும் ரசிக்கக்கூடிய இடம் இது: டாக்டர்களின் தவறான நோய்க்கணிப்பே ஆய்வுக்குச் சாட்சி சொன்னது.

ஆய்வு முக்கால்வாசி முடிவதற்குள்ளேயே டால் சிகரெட்டை விட்டுவிட்டார். முடிவு 1949 கடைசியில் கைக்கு வந்தும் உடனே வெளியாகவில்லை. லண்டனுக்கு வெளியிலும் இதே கதைதானா என்று பார்க்கச் சொன்னார்கள் பணம் கொடுத்த மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்காரர்கள். அதற்குள் அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் 1950 மே மாதம் அதே முடிவை வெளியிட்டார்கள்; டால், ஹில் கட்டுரை செப்டம்பரில் வந்தது. நுரையீரல் அறுவை சிகிச்சையில் பெயர் பெற்ற கிரஹாம் பல ஆண்டு புகைபிடித்தவர். 1957-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

பெட்டிச் செய்தி: விட்டால் எவ்வளவு லாபம்?
பிரிட்டிஷ் டாக்டர்களை 50 ஆண்டு தொடர்ந்த ஆய்வு, 2004-ல் சொன்ன கணக்கு:
• கடைசிவரை சிகரெட்டை விடாதவர்கள் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள்.
• 60 வயதில் விட்டவர்களுக்கு லாபம் 3 ஆண்டு.
• 50 வயதில் விட்டால் 6 ஆண்டு.
• 40 வயதில் விட்டால் 9 ஆண்டு.
• 30 வயதில் விட்டவர்கள் இழந்தது கிட்டத்தட்ட ஏதுமில்லை.

டாக்டர்களுக்கே ஒரு கடிதம்

நோய் வந்தவரிடம் பழையதைக் கேட்பது ஒரு வழி. நோய் வராதவரிடம் இன்றைய பழக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு, பின்னால் யாருக்கு என்ன ஆகிறது என்று காத்திருப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்குப் பொறுமை வேண்டும். காலம் கடந்தும் தேடிப் பிடிக்கக்கூடிய ஆட்கள் வேண்டும். அதற்கு டாக்டர்களைவிடத் தோதானவர்கள் இல்லை. பெயர் பதிவேட்டில் இருக்கிறது. வீடு மாறினாலும் முகவரி தெரிந்துவிடும். இறந்தால் காரணமும் ஒழுங்காகப் பதிவாகும்.

1951 அக்டோபர் கடைசியில் பிரிட்டனின் பதிவுபெற்ற டாக்டர்கள் எல்லோருக்கும், ஏறத்தாழ 60,000 பேருக்கு, கடிதம் போனது. கேள்விகள் மிகச் சிலவே. 40,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். அவர்களில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஆண்கள் 34,439 பேர். இரண்டரை ஆண்டுக்குள் முதல் கணக்கு வந்துவிட்டது: நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்த 36 பேரில் புகைபிடிக்காதவர் ஒருவர்கூட இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 2001 வரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடிதம் போய்க்கொண்டே இருந்தது. அதனால் தெரிந்தது, சிகரெட்டின் வேலை நுரையீரலோடு முடியவில்லை என்பது. மாரடைப்பு, நாள்பட்ட மூச்சடைப்பு, வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் என்று பட்டியல் நீண்டது. ஐம்பதாண்டுக் கணக்கு 2004-ல் வெளியானபோது டாலுக்கு 91 வயது. மறு ஆண்டு காலமானார்.

புகை மண்டிய அறிவிப்பு

ஆதாரம் கைக்கு வந்ததும் அரசு துள்ளி எழுந்துவிடவில்லை. 1954 பிப்ரவரி 12-ம் தேதி, சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகக் கொள்ளலாம் என்று அறிவிக்கப் பத்திரிகையாளர்களைக் கூட்டினார் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சர் இயன் மெக்லவுட். கூட்டம் நெடுகிலும் ஒன்று மாற்றி ஒன்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டே பேசினார்.

பெரிய எதிர்ப்பு ஒரு மேதையிடமிருந்து வந்தது. நவீனப் புள்ளியியலுக்கு அடித்தளம் போட்ட ரொனால்ட் ஃபிஷர், புகைபிடிக்கத் தூண்டும் பிறவிக்கூறே புற்றுநோயையும் கொண்டுவரலாமே என்று கேட்டார். கேள்வி அபத்தமானதல்ல. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பது புள்ளியியலின் பாலபாடம். ஆனால் பிறவிக்கூறு தலைமுறைக்குள் மாறாது; 25 ஆண்டுகளில் 15 மடங்கு சாவு ஏறியதற்கு அதனிடம் பதில் இல்லை. சிகரெட்டை விட்டவருக்கு ஆபத்து குறைவதற்கும் பதில் இல்லை. ஃபிஷர் பைப் பிடிப்பவர். புகையிலை நிறுவனங்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார்.

எது வெறும் உடனிகழ்வு, எது காரணம் என்று பிரித்தறிய ஹில் 1965-ல் ஒன்பது அளவுகோல்களை எழுதிவைத்தார். தொடர்பு எவ்வளவு வலுவானது, வேறு ஊரிலும் அப்படியேவா, காரணம் முந்தியதா, அளவு கூடினால் ஆபத்தும் கூடுகிறதா என்ற ரீதியில் போகும் அந்தப் பட்டியல், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் பாடம்.

டால் மேல் விழுந்த நிழல்

1955-ல் டால் இன்னொரு கட்டுரை எழுதினார். ராச்டேல் ஊரின் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் 20 ஆண்டு அல்லது அதற்கு மேல் தூசியில் உழைத்த 113 ஆண்களில் 11 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். சாதாரணமாக ஒருவர் இறந்திருந்தாலே அதிகம். வெளியிட வேண்டாம் என்று ஆலை நிர்வாகம் நெருக்கியது. கட்டுரை வெளிவந்தது.

அதே டால், பின்னாளில் மான்சாண்டோ ரசாயன நிறுவனத்திடம் பல ஆண்டு ஆலோசனைக் கட்டணம் வாங்கியிருந்தார். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 1,500 டாலர். 2006-ல், அவர் இறந்த பிறகு, இது பெரிய செய்தியானது. அந்தக் காலத்தில் இத்தகைய தொடர்பைச் சொல்லும் வழக்கம் இல்லை, பணம் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வளர்த்த கிரீன் கல்லூரிக்குப் போனது என்று உடன் உழைத்தவர்கள் வாதாடினார்கள். ரசாயனங்களின் ஆபத்து பற்றி அவர் சொன்ன தீர்ப்புகளைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டியதாகிவிட்டது. புகையிலை ஆய்வுக்கு இதனால் பங்கமில்லை. அதைப் பல நாட்டவர் பலமுறை தனித்தனியே செய்து பார்த்துவிட்டார்கள்.

பெட்டிச் செய்தி: 1981 பட்டியல்
அமெரிக்கப் புற்றுநோய்ச் சாவுகளில் எதற்கு எவ்வளவு பங்கு என்று டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் போட்ட மதிப்பீடு:
• புகையிலை: 30 சதவீதம்
• உணவு: 35 சதவீதம் (10 முதல் 70 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள்)
• தொழிலிடம்: 4 சதவீதம்
• மது: 3 சதவீதம்
• சுற்றுச்சூழல் மாசு: 2 சதவீதம்
கடைசி எண்ணும் தொழிலிட எண்ணும் மிகக் குறைவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

சென்னை வாசற்படியில்

1981 பட்டியலை டாலோடு சேர்ந்து போட்ட பீட்டோவும் சென்னை ஆய்வாளர் டாக்டர் வி. கஜலட்சுமியும் சேர்ந்து இறங்கிய ஆய்வுதான் லண்டன் கேள்வியைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கொண்டுவந்தது. லண்டன் முறையை அப்படியே இங்கே பொருத்த முடியாது. இங்கே பலர் வீட்டிலேயே இறக்கிறார்கள். சாவுப் பதிவேட்டில் ‘மாரடைப்பு’ என்றோ ‘வயோதிகம்’ என்றோ எழுதியிருக்கும். இதயம் நின்றுதானே எல்லோரும் சாகிறார்கள்?

எனவே ஆய்வுக் குழு வீடு தேடிப் போனது. 1990-களில் சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் இறந்தவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற பட்டதாரிகள் மனைவியிடமோ பிள்ளையிடமோ உட்கார்ந்து கேட்டார்கள். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? இருமலில் ரத்தம் வந்ததா? உடம்பு இளைத்ததா? எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள்? என்ன சொன்னார்கள்? இந்த விவரத்தை டாக்டர்கள் படித்து, சாவுக்குக் காரணம் இன்னதென்று முடிவு செய்தார்கள். வாய்மொழி மரண விசாரணை என்று இதைச் சொல்லலாம். கூடவே பழைய கேள்வியும் இருந்தது: புகைபிடிப்பாரா? பீடியா, சிகரெட்டா?

சிகரெட்டை எண்ணுவதுபோல் பீடியை எண்ண முடியாது. பீடி கட்டுக் கணக்கில் வரும். பாதியை அணைத்துக் காதில் செருகி, வேலை இடைவெளியில் மறுபடி பற்றவைப்பார்கள். ஆனால் அவர் பிடித்தாரா, இல்லையா என்பதில் வீட்டுக்காரிக்குச் சந்தேகம் இருக்காது. சட்டைப் பையைத் துவைக்குமுன் துழாவிப் பார்த்தவர் அவர்தானே.

இறந்த ஆண்கள் 43,000 பேர். ஒப்பிட, உயிரோடிருக்கும் ஆண்கள் 35,000 பேர். 2003-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு ஆய்வு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய்ச் சாவு கூடுதல் என்பது எதிர்பார்த்ததுதான், மாரடைப்பும் எதிர்பார்த்ததுதான். மிகப் பெரிய வித்தியாசம் காசநோயில் இருந்தது. நகரத்தில் புகைபிடித்த ஆண்கள் காசநோயால் சாகும் வாய்ப்பு, பிடிக்காதவர்களைப்போல் 4.5 மடங்கு. இந்தியாவில் ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகையே காரணம் என்று ஆய்வு கணித்தது. நடுவயது ஆண்களின் மொத்தச் சாவில் கால்பங்கும் அதன் கணக்கில் வந்தது.

காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியது. காசநோய்க் கிருமி இந்தியாவில் கோடிக்கணக்கானவர்களின் உடலில் உறங்கிக் கிடக்கிறது. பெரும்பாலோருக்கு நோயாக மாறுவதே இல்லை. புகை நுரையீரலின் காவலைக் குலைத்தால் கிருமி விழித்துக்கொள்கிறது. சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படம் போட்டால், வேறு நோயால் சாகிறவர் கணக்கு விட்டுப்போகிறது என்பதையும் இந்த ஆய்வு காட்டியது.

பீடிக்குச் சலுகை இல்லை

‘இலைதானே, காகிதம் இல்லையே’ என்று பீடிக்குப் பரிந்து பேசுவது டீக்கடைகளில் பழகிப்போன வாதம். ஒரு பீடியில் உள்ள புகையிலை, சிகரெட்டில் உள்ளதில் கால்பங்கு அளவே. ஆனால் பீடி இலை காற்றை எளிதில் விடாது. அணையாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் 778 நுரையீரல் புற்றுநோயாளிகளைக் கொண்டு கஜலட்சுமி குழு செய்து 2003-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பீடியின் ஆபத்து சிகரெட்டுக்குக் குறைந்ததாக இல்லை.

2008-ல் ஆய்வாளர் பிரபாத் ஜா தலைமையில், 11 லட்சம் வீடுகளை வைத்து நாடு தழுவிய கணக்கு வந்தது. சிகரெட் பிடிக்கும் ஆண் இழப்பது சராசரியாக 10 ஆண்டு; பீடி பிடிக்கும் ஆண் 6 ஆண்டு; பீடி பிடிக்கும் பெண் 8 ஆண்டு.

இந்தக் கணக்கில் சேராத ஒரு கூட்டம் பீடியைச் சுற்றியே வாழ்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து முக்கூடலிலும் வேலூர்ப் பக்கத்துக் குடியாத்தத்திலும் பெண்கள் மடியில் முறத்தை வைத்து, வெட்டிய இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தூள் மூக்கிலும் விரலிடுக்கிலும் ஏறும். பீடியை ஒழி என்று சொல்கிற திட்டம் எதுவும் இவர்களுக்கு மாற்று வேலை என்ன என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடிந்ததில்லை.

கன்னத்தில் அடக்கியது

இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்க்கு. காரணம், புகையிலையை எரிப்பதைவிட மெல்லுவது இங்கே அதிகம். 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் புகைபிடித்த பெரியவர்கள் 10.7 சதவீதம்; மென்றவர்கள் 21.4 சதவீதம்.

மெல்லுவதற்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டதில் லண்டனுக்கு முந்தியது நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள, அன்று திருவிதாங்கூரில் இருந்த அந்த ஊரின் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஓர், வெற்றிலை போடுபவர்களின் வாய்ப் புற்றுநோய் பற்றி 1933-லேயே ‘லான்செட்’டில் எழுதினார். டால் கட்டுரைக்கு 17 ஆண்டு முன். தாம்பூலத்தைக் கன்னத்தில் எந்தப் பக்கம் அடக்கிவைக்கிறார்களோ அந்தப் பக்கமே புண் வருவது இந்தப் பகுதி டாக்டர்களுக்குப் பழக்கமான காட்சி.

புகையிலையோடு சேர்த்துப் போடும் தாம்பூலம் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-ல் அறிவித்தது. போயிலை சேர்க்காமல் வெறும் பாக்கு போடுவது பரவாயில்லை என்ற ஆறுதல் 2004 வரை நீடித்தது. அந்த ஆண்டு வெளியான அறிக்கையில் கொட்டைப்பாக்கே தனியாகப் பட்டியலில் ஏறியது. பாக்கு மெல்லுபவர்கள் சிலருக்கு வாயின் உட்பகுதித் திசு நாராக இறுகி, வாய் திறக்க முடியாமல் போகும். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை.

வாயில் ஒரு வசதி உண்டு: கண்ணுக்குத் தெரியும். திருவனந்தபுரம் பஞ்சாயத்துகளில் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழு, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்களை வீடுவீடாக அனுப்பி, வெளிச்சம் அடித்து வாயைப் பார்க்க வைத்தது. வெண்திட்டு, செந்திட்டு, ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் முடிவு வந்தது.

படிவம் 2

தென்னாப்பிரிக்கா 1998-ல் சாவுப் பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தது: இறந்தவர் புகைபிடித்தவரா? தனியாக ஆய்வு நடத்தி வீடுவீடாக அலையாமல், ஒவ்வொரு சாவும் தானாகவே ஆய்வில் சேர்ந்துகொள்ளும் என்பது எண்ணம்.

இந்தியப் பதிவுப் படிவம் ஒருபடி மேலே போகிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் படிவம் 2-ல், பெயர், வயது, முகவரி, சாவுக்குக் காரணம் எல்லாம் முடிந்த பிறகு, அடியில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. இறந்தவருக்குப் புகைக்கும் பழக்கம் இருந்ததா, எத்தனை வருடமாக? புகையிலை மெல்லும் பழக்கம், எத்தனை வருடமாக? பாக்கு அல்லது பான் மசாலா, எத்தனை வருடமாக? மது, எத்தனை வருடமாக? வீட்டில் நேர்ந்த சாவென்றால், வங்கிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் சான்றிதழ் வேண்டுமே என்று அவசரத்தில் வந்து நிற்கும் மகனோ மருமகனோதான் அந்த நான்கு கட்டங்களையும் நிரப்ப வேண்டியவர்.